கண்ணீர் அஞ்சலிக்கு ஒரு படம்

கேபிள் உள்ளே போகவில்லை. செவ்வந்தி திருப்பிச் சொருகிப் பார்த்தாள், ஊதிப் பார்த்தாள். போனின் சார்ஜர் ஓட்டைக்குள் ஏதோ பழுப்பாகக் காய்ந்து அடைத்திருந்தது. ஊக்கு முனையால் நோண்டியதும் அது பொடியாக உதிர்ந்தது. கூடவே ஒரு தலைமுடி வந்தது, இழுக்க இழுக்க நீண்டுகொண்டே.

"கீழ உழுந்துருச்சுங்க. சேறா இருக்கும்," என்றார் எதிரில் உட்கார்ந்திருந்த திருமூர்த்தி.

சேறு இந்த நிறத்தில் இருக்காது என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் மனைவியைப் பறிகொடுத்துவிட்டு வந்திருக்கும் மனிதரிடம் அதையா பேசுவது? ஞாயிற்றுக்கிழமை என்றாலே சரவணம்பட்டியில் ஐடி கம்பெனிக்காரர்கள் யாரும் கண்ணில் பட மாட்டார்கள். அன்று மழை வேறு. சாலை வெறிச்சோடிக் கிடந்தது. முதலாளி கிருபாசங்கர் ஈரோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பின்னால் அச்சு இயந்திரம் இப்படியும் அப்படியும் இழுத்து இழுத்து ஓடும் சத்தமும், மண்டையைக் குடையும் மை வாடையும், தகரக் கூரையில் மழையுமாகக் கடையில் அவள் மட்டும் இருந்தாள். சாவு வீட்டுக்காரர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது கிருபாசங்கரின் கட்டளை. பிணத்தை எடுப்பதற்குள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் நின்றாக வேண்டும், இல்லாவிட்டால் சொந்தபந்தம் வாயில் போட்டு மெல்லும்.

பெயர் சுகந்தி. தோற்றம் தேதியைத் தடுமாறாமல் சொன்னார். மறைவு என்று கேட்டதும் கொஞ்சம் யோசித்தார்.

"இன்னைக்குன்னே போட்டுருங்க."

இப்போது கேபிள் சொருகியது. கணினியில் போனின் பெயர் வந்தது, உள்ளே திறந்தால் ஒன்றுமில்லை.

"லாக் எடுத்தாத்தானுங்க படம் வரும். நம்பர் தெரியுங்களா?"

"தெரியாதுங்க. அவ கைரேகைதான் வெச்சிருந்தா."

"வேற யார் போன்லயாவது படம் இருந்தா அனுப்பச் சொல்லுங்க."

"இருவது வருசத்துல நான் அவள ஒரு படம் எடுத்ததில்லீங்க." அதில் வருத்தம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. "இத ஊட்டுக்குக் கொண்டுபோய்த் தொறந்துட்டு வாரனுங்க."

"வர்றதுக்குள்ள மறுபடி பூட்டிக்குமுங்க. சார்ஜும் இல்ல. கேபிள் மாட்டினதுக்கப்புறம் இங்கயே விரல் வெச்சாத்தான்…"

சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். செத்தவளின் விரலுக்கு எங்கே போவார்? மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அவர் முகத்தில் கோபமே இல்லை.

"விரல் இருந்தாப் போதுங்களா?"

"ஆமாங்க," என்றாள் பழக்கதோஷத்தில்.

"செரிங்க. அது இங்கயே சார்ஜ் ஏறட்டும்."

அவருடைய வண்டிச் சத்தம் மழைக்குள் கரைந்தது. அவள் படத்துக்கான கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, ஓரத்தில் ரோஜாப்பூக்களை வைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பூக்களைப் பார்க்கவே அன்று அவளுக்குப் பிடிக்கவில்லை. போன் மேசையில் அதிர்ந்தது. ஷ்ரவ்யா என்று பெயர் காட்டியது. விடாமல் அடிக்கவும் எடுத்தாள்.

"அப்பா, அம்மாவ உள்ள வெச்சுப் பூட்டிட்டு அவ போனையும் எதுக்கு எடுத்துட்டுப் போனீங்க? இப்பத்தான் லேண்ட்லைன்ல கூப்பிட்டு அழுகறா. மண்டையில ரத்தம் நிக்கலையாம்."

செவ்வந்தியின் கண் திரையில் இருந்தது. சுகந்தி. மறைவு. இன்றைய தேதி.

"நான் ஃபிளெக்ஸ் கடையிலிருந்து பேசறனுங்க. உங்க அப்பா இப்பத்தான் ஊட்டுக்குக் கிளம்பினாரு. அம்மாவ எப்படியாவது வெளிய வரச் சொல்லுங்க. போலீசுக்குச் சொல்லுங்க, சீக்கிரம்."

"நான் பெங்களூர்ல இருக்கேன். என்னக்கா ஆச்சு?"

அதை எப்படிச் சொல்வது? போலீசைக் கூப்பிடச் சொன்னாள், திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். இணைப்பு அறுந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தது.

"போலீஸ் வர்றாங்களாம். ஆனா அம்மா லேண்ட்லைன எடுக்க மாட்டேங்கறாக்கா." அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். "அடிச்சுக்கிட்டே இருக்குது. எடுக்க மாட்டேங்கறா."

விரல் வேண்டும் என்று கேட்டது நான்தானே என்று செவ்வந்திக்கு உறைத்தது. இயந்திரத்தை நிறுத்தினாள். பையை எடுத்தாள். ஓடிவிட வேண்டும். கதவு வரை வந்துவிட்டாள்.

வண்டிச் சத்தம். வெளியே.

ஷட்டரைப் பிடித்து இழுத்தாள். பாதியில் சிக்கியது. அடியில் இரண்டு ஈரச் செருப்புகள். அவர் குனிந்து உள்ளே வந்தார், மிச்சத்தை அவரே இறக்கினார்.

"சாரல் அடிக்குதுங்க. உக்காருங்க அம்மணி."

உட்கார்ந்தாள்.

சட்டை நனைந்திருந்தது. மழையில் மட்டும் அல்ல. கை முழங்கை வரை சிவப்பு. மார்பில் தெறிப்பு. நகக்கண்ணில் ஏதோ சதை. மை வாடையை மீறிக் கறிக்கடை வாடை. அவர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். மேசைமேல் பிரித்தார்.

நுனியில் மருதாணி. அடியில் எலும்பு. இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் கஷ்டமாப் போச்சுங்க. புடிச்சா நிக்கவே மாட்டேனுட்டா."

துடைத்தார். போனில் வைத்தார். ரேகையை அது எடுக்கவில்லை. வாயருகே கொண்டுபோய் ஊதினார், மறுபடி வைத்தார்.

திறந்தது.

கணினியில் படங்கள் கொட்டின. சுகந்தி மாடியில். சுகந்தி மகளோடு. சுகந்தி பூச்செடியோடு. ஒன்றில் வாய்விட்டுச் சிரித்தாள்.

"அதையே போடுங்க. நல்லாச் சிரிக்கறா."

செவ்வந்தியின் கை மவுஸில் வழுக்கியது. அதில் ரத்தம். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலால் மெல்லத் தள்ளினார். வந்த அழைப்புகளில் நிறுத்தினார்.

"ஷ்ரவ்யாகிட்டப் பேசினீங்களா கண்ணு?"

அவள் இறக்கிய ஷட்டரைப் பார்த்தாள்.

"ரெண்டு தடவ பேசியிருக்கீங்க."

கேபிளோடு போனைத் தூக்கினார். அதன் பின்புறம் அவளைப் பார்த்தது.

"இங்க பாருங்க அம்மணி."

பளிச்சென்று வெளிச்சம்.

"இப்ப எடுத்ததும் அதுல வந்துருங்களா? அவ பக்கத்துல போட எடம் இருக்குதுல்லீங்க?"

இடது கையால் மேசைமேல் இருந்த ஃபிளெக்ஸ் அறுக்கும் கத்தியை எடுத்து, அலகை ஒவ்வொரு கட்டமாக வெளியே தள்ளினார். திரையில், சுகந்தியின் சிரிப்புக்கு அடுத்து, கண் பிதுங்கி வாய் திறந்த செவ்வந்தியின் முகம் வந்து நின்றது.