நாலு மூலை மஞ்சள்

ஓசூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் மூர்த்தி நடத்திவந்த தட்டச்சு நிலையத்துக்குள் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை முனிலட்சுமி நுழைந்தபோது, மனு அடிக்க வந்தவள் என்றுதான் சென்றாயன் நினைத்தான். டைப்ரைட்டர்களைப் பழுது பார்க்கும் சென்றாயனுக்கு மனு அடிக்க வருகிறவர்களை நன்றாகத் தெரியும். உட்கார்ந்ததும் அழுவார்கள். இவள் உட்காரவும் இல்லை, அழவும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"மனு வேணாங்க சார். எம்மேல பழி போட்டது யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

மூர்த்தி முன்பு போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்தவர். அடுத்தவர் துப்பறிந்ததை எழுதி எழுதி அலுத்து வேலையை விட்டவர். ஊரில் சிக்கல் என்றால் இன்னும் அவரைத்தான் தேடி வந்தார்கள்.

"மொதல்ல நடந்ததச் சொல்லும்மா," என்றார்.

சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் அடுப்பு கழுவுகிறவள் அவள். ஞாயிறுதோறும் பர்னர்களைத் துடைத்து, நான்கடி நீளத் தோசைக்கல்லில் கருகிப் பிடித்த எண்ணெயைக் காஸ்டிக் சோடா போட்டு எடுப்பாள். நேற்றுக் காலை அந்தக் கல்லில் சுட்ட முதல் தோசையைத் தின்ற கான்ட்ராக்டர் நாராயணப்பன், உதடு வெந்து அலறினார். மிச்சத் தோசையில் சோடா இருப்பதாகத் தொழிற்சாலை டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

"நான் வேணும்னே கழுவாம உட்டேனாம். மூணு மணிக்கு எஸ்.ஐ. வந்து என்னைக் கூட்டிட்டுப் போவாராம்."

"வேணும்னேன்னு ஏன் சொல்றாரு?"

"கல்லு ஆறதுக்குள்ள தேய்க்கச் சொல்லி என்கூட வேலை செய்யற ரங்கம்மா கையச் சுட வெச்சாரு சார். ரெண்டு மாசம் முன்ன ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வந்தப்ப நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவரு அத்தன பேர் முன்னாடி கைகட்டி நிக்க வேண்டியதாப் போச்சு."

"அப்ப அந்தாளுக்கு இது வேணும்தான்," என்றான் சென்றாயன். மூர்த்தி அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் ஸ்குரூடிரைவரைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"சோடா போயிடுச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"மஞ்சள் சொல்லிடும் சார். புளித்தண்ணியில தேச்சு அலசிட்டு, விளிம்புல நாலு மூலையிலயும் மஞ்சள் வெப்பேன். சோடா இருந்தா செவந்துடும். நாலும் மஞ்சளாவே நின்னாத்தான் வீட்டுக்குக் கெளம்புவேன்."

பதினோரு மணிக்கு மூவரும் கேன்டீனில் இருந்தார்கள். நேற்றிலிருந்து யாரும் கல்லைத் தொடக்கூடாது என்று பூட்டிவைத்திருந்த இடத்தை, தொழிற்சாலைப் பர்சனல் ஆபீசர் முணுமுணுத்தபடி திறந்துவிட்டார்.

சமையல்காரர் நிற்கும் பக்கத்து மூலைகள் இரண்டிலும் மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. எதிரே, பரிமாறும் மேடைப் பக்கத்து மூலைகள் இரண்டும் ஆரத்தித் தண்ணீர் நிறத்தில் சிவந்து கிடந்தன. பாவி மகள் அரைகுறையாகத்தான் கழுவியிருக்கிறாள் என்று சென்றாயனுக்குப் பட்டது. அவள் முகத்தைப் பார்க்கவே அவனுக்குச் சங்கடமாக இருந்தது.

"அடுப்பு பத்தவெச்சப்புறம் கல்லுகிட்ட யார் வந்தா?" என்று மூர்த்தி தலைமைச் சமையல்காரர் பாஸ்கரனைக் கேட்டார்.

"யாரும் வரலீங்க. கல்லத் தொட்டது நான் ஒருத்தன்தான்."

"இங்க இருக்கற பாத்திரம் அத்தனையும் பாரு சென்றாயா. உள்பக்கம் பாரு."

அரைமணி நேரம் குண்டான்களையும் குவளைகளையும் கவிழ்த்து நிமிர்த்தினான் சென்றாயன். வித்தியாசமாக எதுவும் இல்லை. கடைசியில் சாமி அலமாரியில் இருந்த அலுமினியச் சொம்பு ஒன்றுதான், வெளியே பளபளவென்றும் உள்ளே கன்னங்கரேலென்றும் இருந்தது. கற்பூரப் புகையாக இருக்கும் என்று சொல்லி மூர்த்தியிடம் நீட்டினான். மூர்த்தி அதை மூக்கருகே பிடித்துப் பார்த்து, பாஸ்கரனிடம் திரும்பினார்.

"இது எதுக்கு?"

"தீர்த்தச் சொம்புங்க. திங்கக்கெழமை காலைல கான்ட்ராக்டர் மொதலாளி மேடைப் பக்கம் நின்னு கற்பூரம் காட்டி, கல்லு மேல தீர்த்தம் தெளிப்பாரு. அப்புறந்தான் மொதல் தோசை. அது அவருக்கு."

"நேத்து சொம்ப எப்படிப் பிடிச்சிருந்தாரு?"

பாஸ்கரன் யோசித்தார். "துண்டால சுத்திப் பிடிச்சிருந்தாருங்க. ஏதோ மடி ஆச்சாரம்னு நெனச்சேன்."

மூன்று மணிக்கு எஸ்.ஐ. ஜீப்பில் வந்தார். டாக்டரும் பர்சனல் ஆபீசரும் பாஸ்கரனும் மேடையருகே நிற்க, உதட்டில் பிளாஸ்திரியோடு நாராயணப்பன் நாற்காலியில் சாய்ந்திருந்தார். முனிலட்சுமி கல்லுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"இவ சோடாவ உட்டுவெச்சிருந்தா கல்லு முழுக்கப் பரவி நாலு மூலையும் ஞாயித்துக்கெழமையே செவந்திருக்கணும்," என்று தொடங்கினார் மூர்த்தி. "ரெண்டுதான் செவந்திருக்கு. அதுவும் மேடைப் பக்கம். அங்கிருந்து யாரோ சோடாத் தண்ணி தெளிச்சிருக்காங்க. பாஸ்கரன் பொய் சொல்லல. தீர்த்தம் தெளிக்கறத யாரும் கல்லத் தொட்டதா எண்ணமாட்டாங்க. அதனால யாரும் சொல்லல."

புது அலுமினிய டம்ளரில் கொஞ்சம் சோடாவைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். நுரை பொங்கியது. டம்ளரின் வெளிப்பக்கத்தைத் தொட்ட எஸ்.ஐ. சூடு தாங்காமல் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். நுரை அடங்கியபோது டம்ளரின் உட்புறம் கறுத்திருந்தது.

"கழுவற கை இந்தத் தப்பப் பண்ணாது. சோடாவுக்கு பிளாஸ்டிக் பக்கெட்தான்னு இங்க ஒவ்வொரு பொம்பளைக்கும் தெரியும். பாத்திரமே கழுவாத ஒருத்தர்தான் அலுமினியச் சொம்புல கலப்பாரு. சூடு தாங்காம துண்டால பிடிப்பாரு."

"ஏன்யா, எவனாவது தன் வாயத் தானே சுட்டுக்குவானா?" நாராயணப்பன் சீறினார்.

"தன் மூக்கு அறுபட்டாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆகணும்னு நெனைக்கறவன் சுட்டுக்குவான். ஒதட்டுல ஒரு துளி தொட்டு வெச்சாப் போதும். பாதித் தோசை தின்னிருக்கீங்களே, நாக்க நீட்டுங்க, டாக்டர் பாக்கட்டும்."

நாராயணப்பன் வாயை இறுக்கிக்கொண்டார். நேற்று டாக்டர் பார்க்க வந்தபோது வலி பொறுக்கவில்லை என்று வாயையே திறக்கவில்லையாம். இப்போது எஸ்.ஐ. ஒரு அதட்டுப் போட்டதும் திறந்தது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே ஒரு கொப்புளம்கூட இல்லை.

"ரெண்டு மாசமா எனக்குத் தூக்கம் இல்ல," என்று வெடித்தார் நாராயணப்பன். "அடுப்பு கழுவற பொம்பள ஒருத்தி என்னைக் கைகட்டி நிக்க வெச்சுட்டா. ஜெயிலுக்குப் போகட்டும்னு நெனச்சேன். அதுல என்ன தப்பு?"

கேட்ட சென்றாயனுக்கு ரத்தம் கொதித்தது. நாற்காலியோடு அந்த ஆளைத் தூக்கி எறியலாமா என்றிருந்தது. பர்சனல் ஆபீசரோ தொண்டையைச் செருமிக்கொண்டு முனிலட்சுமியிடம் குழைந்தார். தொழிற்சாலைக்குக் கெட்ட பேர் வேண்டாம், அவளுக்கு நிரந்தர வேலை உண்டு, நல்ல மனசு பண்ணி விட்டுக்கொடுத்தால் இங்கேயே பேசி முடித்துவிடலாம் என்றார்.

"நல்ல மனசெல்லாம் வேணாங்க சார்," என்றாள் அவள். "எம்புள்ளைங்கள, உங்கம்மா வெஷம் வெச்சவளான்னு நேத்துத் தெருவே கேட்டுச்சு. அது என்னிக்கும் எனக்கு ஆறாது. கேஸ் எழுதச் சொல்லுங்க."

நாராயணப்பனை ஜீப்பில் ஏற்றும்போது முதல் ஷிப்ட் விட்டு, வாசல் முழுக்கத் தொழிலாளர்கள் கூடிவிட்டார்கள். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். முனிலட்சுமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜீப்பின் முன்னால் போய் நின்றாள். தடுக்கப்போகிறாளோ என்று சென்றாயன் ஓடினான். அவள் எஸ்.ஐ.யிடம் குனிந்து பேசிக்கொண்டிருந்தாள்.

"துண்ட எடுக்கச் சொல்லுங்க சார். வண்டியையும் கொஞ்சம் மெதுவாவே ஓட்டச் சொல்லுங்க. எல்லாரும் பாக்கட்டும்."