மூன்றாவது விசில்

அமீரகத்தின் புஜைரா துறைமுகத்தில் வதனாவின் அப்பாவோடு வேலை செய்யும் உமாபதி மாமா, விடுப்பில் ஊருக்குப் புறப்படும் முன், தாம் வளர்த்த சோலைபாடிப் பறவையைக் கூண்டோடு அவளிடம் ஒப்படைத்தார். கூடவே ஒரு டப்பாவையும் தந்தார்.

"இதை பிரிட்ஜில வைம்மா. அதோட சாப்பாடு" என்றார்.

அவர் போனதும் அம்மா ராசம்மா மூடியைத் திறந்தார். உள்ளே புழுக்கள் நெளிந்தன.

"என்ர பிரிட்ஜிலயோ? அதுவும் வெள்ளிக்கிழமையில?"

டப்பா செருப்பு அலமாரிக்குப் போயிற்று. பறவைக்குத் தினை வைத்தார். "நல்ல வெளிச்சத்தில இருக்கட்டும், பாவம்" என்று கூண்டை பால்கனி வெயிலில் மாட்டினார்.

மினுங்கும் கரிய முதுகு, செம்பழுப்பு வயிறு, உடலைவிட நீண்ட வால். அத்தனை அழகும் மறுநாள் மாலை கூண்டின் தரையில் கண்மூடிக் கிடந்தது.

வதனா உற்றுப் பார்த்தாள். மூச்சு இருந்தது. கொடியில் காய்ந்த துண்டின் நிழல் கூண்டுக்குள் ஒரு கோடாக விழுந்திருந்தது. அந்தக் கோட்டுக்குள்தான் பறவை ஒடுங்கியிருந்தது.

அப்பாவின் கைப்பேசியில் தேடிப் படித்தாள். "அம்மா, இது இலங்கைக் காட்டிலயும் இருக்குதாம். இதுவும் எங்கட ஊர்தான்."

"அப்ப சோறு தின்னலாம்தானே?"

"பூச்சி புழுதான் தின்னுமாம். ஈரக் காட்டில, புதருக்குள்ள, நிழலிலதான் இருக்குமாம். நாங்கள் வெயிலில வைச்சு வாட்டியிருக்கிறம்."

அம்மா தினைக் கிண்ணத்தை வெளியே எடுத்தார்.

ஏ.சி. குழாயிலிருந்து வாளியில் நீர் சொட்டும் மூலைக்கு வதனா கூண்டை மாற்றினாள். சுற்றிலும் பூந்தொட்டிகளை நிறுத்தினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு புழுவை நீட்டினாள்.

சொட்டு, சொட்டு என்று நீர் விழுந்தது. பறவை ஒரு கண்ணைத் திறந்தது. வெடுக்கென்று புழுவைக் கவ்வியது.

அன்றிரவே டப்பாவை இரண்டு பைகளில் சுற்றி, அம்மாவே பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தார்.

இரண்டு வாரம் கழிந்தது. பறவை தேறிப் பாடத் தொடங்கியிருந்தது. ஒரு மாலை அம்மா குக்கரில் சோறு வைத்தார். மூன்றாவது விசிலில் அடுப்பை அணைத்தார். பிறகு திறந்து பார்த்துத் திகைத்தார்.

"வதனா, அரிசி வேகேல்லை. மூண்டு விசில் கேட்டதெல்லே?"

"குக்கர் ரெண்டுதான் அடிச்சது அம்மா."

பால்கனியிலிருந்து நான்காவது விசில் வந்தது.

அம்மா கூண்டை எட்டிப் பார்த்தார். பிறகு பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு, அடுப்பை மறுபடி பற்றவைத்தார்.