பெயரில்லாத மூன்று வரிகள்

கம்ப்யூட்டர் விழிக்கும்போது கூடவே எழுந்துகொள்ளும் நிரல்களின் பட்டியலில், கடைசி மூன்று வரிகளுக்கு மட்டும் பெயர் இல்லை.

காலை ஒன்பதுக்கு, வீட்டிலிருந்து வேலை செய்யும் எல்லாருடைய கம்ப்யூட்டரையும் அலுவலகமே தொலைவிலிருந்து ஒருமுறை அணைத்து மறுபடி போடும். ஐந்து நிமிடத்துக்குள் திரும்பாதவர் அன்று வேலைக்கு வராதவர். மூன்றாம் முறை வேலை போகும். அவனுக்கு இரண்டு ஆகிவிட்டது. அவன் கம்ப்யூட்டருக்கோ பதினோரு நிமிடம் வேண்டும்.

"பேரே இல்லையா? அடிச்சுத் தூக்குங்க மாப்ளே," என்றார் போனில் மனைவியின் அண்ணன். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர். "ஓசிச் சோறு தின்னுட்டு உக்காந்திருக்கிற கூட்டம் அது."

"ஏதாவது ஆயிடாதே மச்சான்?"

"ஆச்சுன்னா திரும்பப் போட்டுக்கலாம். என் தங்கச்சியக் கட்டின தைரியம் எங்க போச்சு?"

முதல் வரியை நிறுத்திவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். சூடான பிளாஸ்டிக் வாடையும் உள்விசிறியின் இரைச்சலும் அறையை நிறைக்க, சமையலறையில் வெங்காயம் நறுக்கியபடி மனைவி முணுமுணுத்துக்கொண்டிருந்த பாட்டு பாதி வரியில் நின்றது. அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்பது நிமிடம்.

இரண்டாவது வரி. பலகையில் கத்தி படும் சத்தம் நின்றது. ஏழு நிமிடம்.

அவளைக் கூப்பிட்டான். பதில் இல்லை. கோபமாக இருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைப்பது சுலபமாக இருந்தது.

மூன்றாவது. ஒன்பது நொடி.

போன் அடித்தது. "என்ன மாப்ளே, பறக்குதா? அவகிட்டக் குடுங்க, எனக்கு ஒரு நன்றி சொல்லட்டும்."

போனோடு சமையலறைக்குப் போனான். மேடை முன் நின்றிருந்தாள். கையில் கத்தி. பாட்டின் நடுவில் திறந்த வாய். தோளைத் தொட்டான். சூடு இருந்தது. மூச்சு இல்லை.

"மாப்ளே? லைன்ல இருக்கீங்களா?"

துண்டித்தான். திரும்பி வந்து பட்டியலைத் திறந்தான். மூன்று வரிகளும் அங்கேயே இருந்தன. பக்கத்தில் 'இயக்கு' என்ற பொத்தான். இயக்கினால் மறுபடி பதினோரு நிமிடம்.

எட்டு ஐம்பத்தெட்டு. மவுஸின் மேல் விரல்.

ஐம்பத்தொன்பது.

விரலை எடுத்தான். சாயந்திரம் வேலை முடிந்ததும் போட்டுக்கொள்ளலாம்.

ஒன்பது. திரை அணைந்தது. எரிந்தது. வருகை பதிவானது.

தட்டச்சு செய்தான். மதியம் வரை. பிறகு தண்ணீர் குடிக்கப் போனான்.

அதே இடம். அதே வாய். திறந்த கண்ணின் மேல் ஓர் ஈ நடந்துகொண்டிருந்தது. இமை அசையவில்லை.

கருவிழி மட்டும், மெல்ல, அவன் பக்கம் திரும்பியது.