உள்ளேன் டீச்சர்

அந்த மலைச்சாலையில் விதி என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. யார் வண்டி பெரிதோ அவருக்கு வழி. பேருந்துகள் எதிர்ப்பக்கத்தில் ஏறி வந்தன, லாரிகள் வளைவிலேயே முந்தின, குடும்பத்தையே ஏற்றிய மோட்டார் சைக்கிள்கள் கிடைத்த சந்தில் புகுந்து போயின. இத்தனைக்கும் நடுவில், வாடகை வேனை ஓட்டி வந்த பல் டாக்டர் மட்டும் திரும்பும் இடத்திலெல்லாம் ஒழுங்காக இண்டிகேட்டர் போட்டார். பின்னால் வந்தவர்கள் ஹாரனாலேயே அவரைத் திட்டித் தீர்த்தார்கள்.

"இப்படி உருட்டினா அடுத்த லீவுக்குத்தான் கடலைப் பாப்போம்," என்றாள் அவர் மனைவி. மூன்றாம் வகுப்பு ஆசிரியை. வீட்டிலும் அவளுக்கு டீச்சர் என்றுதான் பெயர்.

மழை பிடித்துக்கொண்டபோது ஒரு பழைய பெட்ரோல் பங்கில் நிறுத்தினார்கள். தகரக் கூரை அதிர்ந்தது. சேறும் பெட்ரோலும் கலந்த வாடை. ஆளுக்கொரு பக்கம் கழிப்பறைக்கு ஓடி, நனைந்துகொண்டே திரும்பி வருவதற்குள் பின்னால் ஒரு பேருந்து விடாமல் அலறியது. அவசர அவசரமாகக் கதவைச் சாத்தினார்கள்.

கிளம்பும் முன் டீச்சர் ஆஜர் எடுப்பது வழக்கம். வகுப்பில் செய்கிற மாதிரியே, நிமிர்ந்து பார்க்காமல், காதால் மட்டுமே எடுப்பாள். பதினைந்து வருடப் பழக்கம், ஒரு தரமும் தவறியதில்லை.

"வக்கீல்?"

"உள்ளேன் டீச்சர்." எதற்கெடுத்தாலும் வாதாடுகிற மூத்த மகள், காதில் இயர்போனோடு ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

"சுண்டு?"

இளையவன் கடைசி வரிசையில், பெட்டிகளுக்கு நடுவே போர்வையைக் கட்டி ஒரு வீடு செய்திருந்தான். பயணம் முழுக்க அதற்குள்தான் குடியிருப்பு.

கொஞ்சம் தாமதமாகத்தான் பதில் வந்தது.

"உள்ளேன் டீச்சர்."

வேன் நகர்ந்தது. மாலை ஆகும் முன்பே மேகம் வெளிச்சத்தை விழுங்கிவிட்டது. டீச்சர் பிஸ்கட்டை மகளிடம் நீட்டினாள். அவள் திரும்பாமலே கையைப் பின்னால் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"வாங்கிக்கிட்டான். ஏசியைக் குறைங்கப்பா, அவன் கையெல்லாம் சில்லுனு இருக்கு."

வண்டிக்குள் தேங்கிய தண்ணீரின் வாடை ஏறிக்கொண்டே வந்தது.

ஒரு வளைவில் பேருந்து ஒன்று நேராக இவர்கள் மேலேயே வந்தது. டாக்டர் பிரேக்கில் ஏறி நின்றார். பெட்டிகள் சரிந்தன, போர்வை அவிழ்ந்து விழுந்தது. மகள் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா."

"என்ன?"

"தம்பி இல்லம்மா."

கடைசி இருக்கையில் பிஸ்கட் முழுசாகக் கிடந்தது. நனைந்து ஊறிப்போய்.

அந்தச் சாலையும், மழையும், அதன் ஓரத்தில் ஆறு வயதுப் பிள்ளையும் டீச்சர் கண்முன் வந்து நின்றன. "திருப்புங்க," என்றாள்.

"எங்கடி திருப்புறது? ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்."

"திருப்புங்கன்னு சொல்றேன்ல."

அவர் திருப்பினார். லாரிக்கு முன்னால், இண்டிகேட்டர் போடாமல், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு. அதன்பின் அந்த ஊர்க்காரர்களைவிட மோசமாக ஓட்டினார். வளைவில் முந்தினார், எதிர்ப்பக்கத்திலேயே போனார், ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. கன்னத்தில் வழிந்த கண்ணீரைத் துடைக்கவும் அவருக்குக் கை இல்லை.

பின்னால் ஏதோ நகர்ந்தது.

"உள்ளேன் டீச்சர்."

யாரும் கூப்பிடவில்லை.

மகள் இருக்கையைத் தாண்டி வந்து அம்மாவின் மடியில் விழுந்தாள். டீச்சருக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் பயப்பட நேரமில்லை. திரும்பாமலே பேசினாள்.

"யாரா இருந்தாலும் இருந்துக்கோப்பா. எங்ககூடவே வா, ஒண்ணும் சொல்லமாட்டேன். எம் புள்ள மட்டும் எனக்கு முழுசா வேணும்."

"யார்கிட்ட பேசுற?" என்றார் கணவர்.

"நீங்க ஓட்டுங்க."

பங்கின் விளக்கடியில் சுண்டு நின்றிருந்தான். பங்க்காரர் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தார். டீச்சர் ஓடிப்போய் அவன் முதுகில் ஓர் அடி வைத்தாள், அதே கையால் வாரி அணைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

"வண்டி பின்னாலயே ஓடப் பாத்தான். நாந்தான் விடல," என்றார் பங்க்காரர். "முன்னாடி ஒரு குடும்பமும் இப்படித்தான் மறந்துட்டுப் போச்சு. அடிச்சுப் புடிச்சுத் திரும்பி வர்றப்ப, அந்த வளைவுல லாரி மோதிடுச்சு. வண்டியில இருந்த ஒருத்தரும் மிஞ்சல. விட்டுட்டுப் போன அந்தப் பையன் மழையில ரோட்டோரத்துலயே நின்னுட்டிருந்தான். கூப்பிட்டா உள்ள வரமாட்டான். அம்மா வந்துருவாங்கம்பான்."

"அப்புறம்?"

அவர் வேனின் பின்கண்ணாடியைப் பார்த்தார். உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார்.

மகளை முன்னால் உட்காரவைத்துவிட்டு, டீச்சர் சுண்டுவை மடியில் இறுக்கிக்கொண்டு நடுவரிசையில் உட்கார்ந்தாள். கிளம்பும்போது ஆஜர் எடுக்கவில்லை. டாக்டரும் கேட்கவில்லை. மழை விட்டிருந்தது.

சுண்டு அவள் காதோடு வாயை வைத்தான்.

"அம்மா, கொஞ்சம் தள்ளி உக்காரு."

"ஏண்டா?"

"அவனுக்குப் பின்னாடி குளிருதாம்."

டீச்சர் மகனின் தலையைத் தன் தோளில் புதைத்துக்கொண்டாள். கேட்டது கிடைத்துவிட்டது. கூடவே வா என்று சொன்னதும் அவள்தான்; இப்போது மறுக்கத் துணிவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஜன்னலோரமாகத் தள்ளி உட்கார்ந்தாள்.

பக்கத்து இருக்கை மெல்ல அமுங்கியது.

ஈரமான சின்னக் கை ஒன்று அவள் விரல்களைத் தேடி வந்து பிடித்துக்கொண்டது. கடல் வந்த பிறகும் அது விடவில்லை.