படுத்திருந்த மரப்பாச்சி

“போலீஸைக் கூப்பிடுங்க,” என்றாள் பட்டாசு.

பெரியப்பாவுக்கு முகம் சுண்டிப்போனது. இந்த நாட்டில் வந்திறங்கிய அன்றே அவர் அவளுக்குச் சொன்ன முதல் பாடம், எது போனாலும் அந்த வார்த்தை மட்டும் நம் வாயில் வரக் கூடாது என்பதுதான். அவள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை வேலை. பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. பட்டாசு என்றால்தான் தெரியும்.

காலை ஏழு மணி. குடியிருப்பின் முன் ஹாலில் ஏழு படிக் கொலு வெறிச்சோடிக் கிடந்தது. வெள்ளைத் துணியில் ஒரு சுருக்கம் இல்லை. படிக்கு முன்னால் நேற்றுப் போட்ட பெரிய கோலம் ஓர் இழைகூடக் கலையவில்லை. மேல் படியில் மரப்பாச்சி ஜோடி மட்டும் மிச்சம். ஆண் நின்றது. பெண், மடித்த பட்டுத் துண்டின் மேல் மல்லாந்து படுத்திருந்தது.

“அவசரத்துல தட்டி விட்டிருக்கான் பாவி,” என்றாள் பெரியம்மா.

பல நாட்டுக்காரர்களும் பல மதத்துக்காரர்களும் குடியிருக்கும் கட்டடம் அது. எல்லார் பண்டிகையும் முன் ஹாலில்தான். தமிழ்க் குடும்பங்களின் நவராத்திரி மட்டும் இத்தனை வருஷமாகக் கீழ்த்தளத்தில், சைக்கிள் கொட்டகையை ஒட்டி. யாரும் தடுக்கவில்லை, இவர்கள் கேட்கவே இல்லை. இந்த வருஷம் பட்டாசு கேட்டாள். உடனே கொடுத்துவிட்டார்கள். நான்காம் நாளே இப்படி.

ஹாலுக்கு இரண்டே சாவி. ஒன்று, நவராத்திரி முடியும்வரை பெரியப்பாவிடம். இன்னொன்று, அங்கே பாடம் நடத்தும் பியானோ வாத்தியாரிடம். கொலுவுக்காகப் பியானோவை மூலைக்குத் தள்ளிய அன்று அவர் போட்ட சத்தம் மொட்டை மாடிவரை கேட்டது.

“வேற யாரு? அந்த ஆளேதான்,” என்றாள் பெரியம்மா.

“விடு,” என்றார் பெரியப்பா. “தகராறு பண்ணினா ஹாலே கிடைக்காது. பழையபடி கீழேயே வெச்சுக்கலாம்.”

“அவர்தான் எடுத்தார்னு நீங்களும் சொல்றீங்களா?”

“நான் ஒண்ணும் சொல்லலையேம்மா.”

ஏழரைக்குப் பியானோ வாத்தியார் வந்தார். பளபளக்கும் ஷூவோடு கோலத்தின் நட்டநடுவில் நடந்து வந்து நின்றார். “ஐயையோ, கோலம்!” என்று பெரியம்மா கத்த, அவர் பயந்துபோய் ஷூவைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

பட்டாசு அந்த ஊர் மொழியில் கேட்டாள். “நேத்து எப்ப பூட்டினீங்க?”

“ஒன்பது மணிக்கு. பொம்மை எல்லாம் இருந்தது.”

“எங்க மேல கோபம் இருந்ததே?”

“இப்பவும் இருக்கு. இழுத்த இழுப்புல பியானோ சுருதியே போயிடுச்சு. அதுக்காகத் திருடுவேனா? அந்தத் தொந்திக் கடைக்காரர் பொம்மை எங்கே? பாடத்துக்கு வர்ற பசங்க முதல்ல அவரைத்தான் தேடுவாங்க.”

“மேல ஒரு பொம்மை படுத்திருக்கே, ஏன்?”

அவர் அண்ணாந்து பார்த்தார். “விழுந்திருக்கும்.”

பட்டாசு திரும்பினாள். “பெரியம்மா, கொலு முடியற ராத்திரி என்ன செய்வோம்?”

“ஒரு பொம்மையைப் படுக்க வெப்போம். விடிஞ்சப்புறம்தான் அதை எடுத்து…”

பெரியம்மா சட்டென்று மேல் படியைப் பார்த்தாள்.

“தட்டி விழுந்த பொம்மைக்கு யாரு பட்டு விரிச்சது? எடுத்தவருக்குக் கொலு கலைக்கற முறை தெரியும். தூங்கற பொம்மையை ராத்திரியில தொடக் கூடாதுன்னு ஜோடியை விட்டுட்டுப் போயிருக்கார். கோலத்தைச் சுத்திப் போகவும் தெரியும். இவர் நாலு எட்டு வைக்கறதுக்குள்ள அதைத் துவம்சம் பண்ணிட்டார். சாவி ரெண்டு. ஒரு சாவிக்காரருக்கு இதெல்லாம் சுத்தமாத் தெரியாது. இன்னொரு சாவி உங்க கிட்ட இருக்கு, பெரியப்பா.”

பெரியப்பா உட்கார்ந்துவிட்டார்.

“திருடலைம்மா. கொட்டகையில பத்திரமா இருக்கு. ஒவ்வொண்ணையும் துணியில சுத்தித்தான் வெச்சேன். இங்க எவனாவது உடைச்சா யாரைப் போய்க் கேட்கறது? முப்பது வருஷமா தலையைக் குனிஞ்சே காலம் தள்ளிட்டோம். உன்னால எல்லார் கண்ணும் நம்ம மேல.”

“உடைக்காத மனுஷனைத் திருடனாக்கிட்டீங்களே.”

“அவர் பேரை நான் சொல்லவே இல்லை.”

“இல்லைன்னும் சொல்லலையே!”

“என் வீட்டுல இருந்துக்கிட்டு என்னையே…”

“வீட்டைப் பத்திச் சாயங்காலம் பேசிக்கலாம். பெட்டி கட்டச் சொன்னா கட்டறேன். கொலு கீழே போகாது.”

பியானோ வாத்தியாரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். தன் வீட்டார் பேசியதற்கு மன்னிப்பும் கேட்டாள். அவர் பெரியப்பாவை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “போலீஸா?” என்றார்.

“வேண்டாம். தூக்க ஆள் வேணும்.”

அவர் கோட்டைக் கழற்றிப் பியானோ மேல் போட்டார்.

பட்டாசு மேல் படிக்கு எட்டி மரப்பாச்சியைத் தூக்கி நிறுத்தினாள். விடிந்து வெகு நேரம் ஆகியிருந்தது.

“எங்கடி போற?” என்றாள் பெரியம்மா.

“செட்டியாரைக் கடையில உட்கார வைக்கணும். மாவு கரைச்சு வைங்க, கோலத்தைத் திரும்பப் போடணும். இன்னிக்கு எல்லா மாடிக்கும் சுண்டல்.”

தெருவைப் பார்த்த பெரிய கதவை இந்த நான்கு நாளும் பெரியப்பா சாத்தியே வைத்திருந்தார். பட்டாசு அதன் இரண்டு பக்கத்தையும் விரியத் திறந்து, கீழே முட்டுக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கொட்டகைக்கு நடந்தாள்.