வாயசைப்பு

மதிய வெயில் தணியாத நேரத்தில் கேமராக்காரர் தன் மனைவியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு அந்தப் பழைய கட்டடத்தின் மாடிப்படி ஏறினார். கீழே மைக்கும் ஒலிபெருக்கியும் வாடகைக்கு விடும் கடை. மேலே ஒரே ஓர் அறை. ஒரு காலத்தில் அங்கே குரல் பதிவு நடந்ததாம். சுவர் முழுக்கத் தடித்த கம்பளி அடித்திருந்தது. ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால், வாசலில் போகிற லாரிகூட வேறு ஊரில் போகிற மாதிரி ஆகிவிடும்.

உள்ளே நுழைந்ததும் ஒரு வாசனை வந்தது. வெகுநேரம் மூடியே இருந்த வாயைத் திறந்தால் வருமே, அது.

மறுநாள் காலையில் அவளுக்கு அறுவை சிகிச்சை. குரல்வளையில் கட்டி. உயிருக்குப் பயமில்லை, ஆனால் இனிமேல் பேச்சு வராது என்று டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார். மாலைக்குள் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தாக வேண்டும். அவர்களுடைய ஒரே மகள், வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவார்கள், பெரியம்மா வீட்டில் இருந்தாள். அம்மா காதோரம் கதை சொல்லாமல் ஒரு நாளும் தூங்கியறியாத பிள்ளை.

மனுஷனுக்குப் படம் பிடிப்பதுதான் தொழில். வீட்டில் மனைவியை எடுத்த வீடியோவுக்குக் குறைச்சலே இல்லை. ஆனால் ஒன்றிலும் அவள் குரல் இல்லை. கல்யாண வீடியோ எடுப்பவர்களைப் பிடித்த வியாதி அது. படத்தை வைத்துக்கொள்வார்கள், சத்தத்தைத் துடைத்துவிடுவார்கள், மேலே ஒரு பாட்டை ஏற்றிவிடுவார்கள். சிட்டு பிறந்தது, தவழ்ந்தது, முதல் நாள் பள்ளிக்கூடம் போனது எல்லாமே பாட்டோடுதான் ஓடின. போனில் எடுக்கலாம் என்றால் அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். கையை நீட்டி மறைத்து, "போதும், நிறுத்துங்க" என்பாள். டாக்டர் நாள் குறித்ததிலிருந்து பைத்தியம் பிடித்தவர்போலத் தேடியதில் அகப்பட்டது அந்த இரண்டு வார்த்தைதான். தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அழுதால் குரல் திரும்பி வருமா என்ன?

கடைக்காரர் பழகியவர். காலர் மைக் ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். கேமராவில் இருக்கிற மைக்கை மட்டும் நம்பாதீர்கள், அது ஆளை எடுக்காது, அறையைத்தான் எடுக்கும் என்று சொல்லிவிட்டுக் கீழே போனார்.

கேமராக்காரருக்குப் பொறுமை இல்லை. முதலில் கேமரா மைக்கிலேயே பார்த்துவிடலாம் என்று மனைவியை நாற்காலியில் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பேசச் சொன்னார்.

"சிட்டு, அம்மா பேசறேன்."

கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. கூடவே லென்ஸ் சுழலும் கரகரப்பு. அதற்கும் பின்னால், மூச்சு விடுகிற மாதிரி ஏதோ ஒன்று. மின்விசிறியாக இருக்கும் என்று நிமிர்ந்து பார்த்தார். அந்த அறையில் மின்விசிறியே இல்லை.

குரலுக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது என்று அடுத்து காலர் மைக்கை எடுத்தார். கழுத்துக்குக் கீழே துணியில் அதைக் குத்தும்போது அவர் விரலிலிருந்து அது இரண்டு தடவை நழுவியது. அவள் அந்த விரலைத் தட்டிக்கொடுத்தாள். வைத்தியம் பார்த்துக்கொள்ளப் போகிறவள் அவள், ஆறுதல் தேவைப்பட்டது இவருக்கு.

இந்தத் தடவை குரல் காதுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. கரகரப்புதான், தேய்ந்த குரல்தான். ஆனாலும் அவளேதான். இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு அவள் தண்ணீர் குடிக்கக் குனிந்தாள்.

"அம்மா பேசறேன்."

ஹெட்போனில் கேட்டது.

அவள் வாயில் தண்ணீர் இருந்தது.

எதிரொலியாக இருக்கும் என்று நினைத்தார். கம்பளி அடித்த அறையில் எதிரொலி ஏது? மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினார்.

"சி... ட்டு."

மெதுவாக. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைபோல.

"சிட்டு."

இப்போது சரியாக வந்துவிட்டது.

அவர் ஹெட்போனைக் கழற்றினார். மனைவியிடம் பேட்டரி மாற்ற வேண்டும் என்று ஏதோ உளறிவிட்டு, படிகளில் தடதடவென்று இறங்கினார். அவர் சொல்லி முடிப்பதற்குள் கடைக்காரரின் முகம் சுண்டிப்போனது. முதலில் மழுப்பினார், கேபிளைக் குறை சொன்னார். பிறகு கண்ணைப் பார்க்காமலே பேசினார்.

"பேச ஆள் வந்தா சில நாள் அதுவும் வந்து உக்காரும்ணே. யாரு, என்னன்னு எனக்குத் தெரியாது. காலர் மைக் நாலு பக்கமும் கேக்கும். கன் மைக் போடுங்க, அது எதிர்ல இருக்கறதை மட்டுந்தான் கேக்கும். மைக்னா எல்லாத்தையும் கேக்கறது பெருசில்ல. வேண்டாததைக் கேக்காம இருக்கணும்."

அலமாரியிலிருந்து குழல்போல நீண்ட கன் மைக்கை எடுத்து அவர் கையில் கொடுத்தவர், அதை விடாமல் தானும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அது எது கேட்டாலும் பதில் மட்டும் சொல்லிடாதீங்க. அண்ணியையும் சொல்ல விடாதீங்க."

வேறு யாராக இருந்தாலும் அந்த நிமிடமே மனைவியை அழைத்துக்கொண்டு ஓடியிருப்பார்கள். அவரும் யோசிக்காமல் இல்லை. வீட்டுக்குப் போனால் எதிரே கட்டட வேலை, நாள் முழுக்கச் சுவரைத் துளைக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் சொல்லவே வேண்டாம். அதைவிட, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவள் குரல் தேய்ந்துகொண்டே போனது. இன்னொரு இடம் தேடி அலைந்தால் பதிவு செய்ய எதுவும் மிச்சம் இருக்காது. எப்படியாவது பிள்ளைக்கு அந்தக் குரலைச் சேர்த்துவிட வேண்டும், அது ஒன்றுதான் அவர் மண்டைக்குள் ஓடியது. மேலே ஏறினார்.

கன் மைக்கைத் தாங்கியில் மாட்டி, அவள் முகத்துக்கு நேராகத் திருப்பினார். ஹெட்போனில் சுத்தமான அமைதி. ஊசி விழுந்தால் கேட்கும். மூச்சும் இல்லை, முணுமுணுப்பும் இல்லை. பிழைத்தோம் என்று நினைத்துக்கொண்டார்.

அவள் பேசினாள். குளிக்கும்போது காதுக்குப் பின்னால் சோப்பு போட்டுக்கொள், அப்பா மறந்துவிடுவார் என்றாள். அப்பா தலை சீவிவிட்டால் வகிடு கோணலாகத்தான் வரும், அதற்காகச் சிரித்துவிடாதே என்றாள். அம்மா பேசவில்லை என்றால் கோபம் என்று நினைக்காதே என்றாள். கேமராவுக்குப் பின்னால் அவர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, சிட்டு தினமும் கேட்கிற தூங்காத நரியின் கதையை ஆரம்பித்தாள். நரி குகை வாசலுக்கு வருவதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. கைக்குட்டையில் சிவப்பாகப் பட்டது. அவள் வாயை மூடிக்கொண்டு, கொஞ்சம் இருங்கள் என்று கையைக் காட்டினாள்.

கதை நிற்கவில்லை.

"நரி மெதுவா எட்டிப் பார்த்துச்சாம். நிலா இன்னும் தூங்கலையாம்."

திரையின் ஓரத்தில் சத்தத்தைக் காட்டும் பச்சைக் கோடு துள்ளியது. திரையில் அவள் வாய் மூடியிருந்தது.

கன் மைக் எதிரில் இருப்பதை மட்டுந்தான் கேட்கும். எதிரில் அந்த நாற்காலி ஒன்றுதான்.

ஆனால் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும், பயத்தோடு வேறொன்றும் வந்தது. அந்தக் குரலில் கரகரப்பே இல்லை. கட்டி வருவதற்கு முன்னால் இருந்த குரல். கல்யாணமான புதிதில் அடுப்படியிலிருந்து அவரைக் கூப்பிட்ட குரல். வாக்கியத்தின் முடிவில் ஒரு சின்னச் சிரிப்பு ஒட்டிக்கொண்டு வருமே, அதுகூட இருந்தது.

"இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணேன்டா" என்று மனைவியிடம் கெஞ்சினார். அவளும் பண்ணினாள். காற்று மட்டும் வந்தது. கதையில் பாதிகூட முடியவில்லை. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஹெட்போனில் யாரோ உதட்டை ஈரப்படுத்திக்கொள்ளும் சத்தம்.

"மிச்சத்தை நான் சொல்லட்டுமா?"

கடைக்காரர் சொன்னது ஞாபகம் இல்லாமல் இல்லை. நன்றாக ஞாபகம் இருந்தது.

"சொல்லு" என்றார்.

மனைவி யாரிடம் பேசுகிறீர்கள் என்பதுபோலப் பார்த்தாள். அவர் எழுந்துபோய் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"நீ பேச வேண்டாம்டா. வாயை மட்டும் அசை. சத்தத்தை நான் பார்த்துக்கறேன்."

அவள் எட்டி ஹெட்போனைப் பிடுங்கிக் காதில் வைத்தாள். கேட்கக் கேட்க அவள் முகத்தில் ரத்தமே இல்லாமல் போனது. மிச்சமிருந்த மூச்சையெல்லாம் திரட்டினாள்.

"அது நான் இல்லைங்க."

"குழந்தைக்கு எப்படித் தெரியும்?"

"உடைஞ்சதா இருந்தாலும் என்னுதை வைங்க."

அவள் தன் வாயால் பேசியது அதுதான் கடைசி. அவர் கேட்கவில்லை. அவள் காலடியில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல விசும்பினார். சிட்டுவுக்காக, சிட்டுவுக்காக என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தப் பெயரைச் சொன்னால் எந்த அம்மாதான் மறுப்பாள்? கண்ணில் நீர் வழிய அவள் உதட்டை அசைக்க ஆரம்பித்தாள்.

குரல் அப்படியே பொருந்தியது. காதுக்குப் பின்னால் சோப்பு, கோணல் வகிடு, நரி, நிலா, எல்லாம் முதலிலிருந்து தெளிவாக வந்தன. எத்தனையோ வருஷம் படத்தோடு சத்தத்தைப் பொருத்திப் பழகிய கண் அவருடையது. முதலில் உதடு அசைந்தது, குரல் பின்னால் போனது. கதை முடிகிற நேரத்தில் குரல் முன்னால் போனது, உதடு பின்னால் ஓடியது. அதை அவர் பார்த்தார். பார்த்துவிட்டும் கேமராவை நிறுத்தவில்லை.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டினார். கரகரத்த பகுதி இனி எதற்கு என்று பட்டது. பழக்க தோஷம், கையே அழித்துவிட்டது.

சிகிச்சை நல்லபடியாக முடிந்து அவள் வீடு திரும்பினாள். கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி. சிட்டு முதல் நாள் பயந்து ஒட்டவே இல்லை. டிவியில் வீடியோவைப் போட்டதும் முகம் மலர்ந்தது. அதற்கப்புறம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையைக்கூடக் கழற்றாமல் போய் உட்கார்ந்துவிடுவாள். எதைச் சொல்லவும் டிவியிடம்தான் ஓடினாள். வீடியோ ஓடுகிற நேரத்தில் மனைவி மட்டும் எழுந்து அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். நாளாக ஆகப் பழகிவிடும் என்று அவர் தன்னைத் தேற்றிக்கொண்டார். பழகியது என்னவோ சிட்டுதான்.

ஒரு நாள் சாயங்காலம் அவர் அடுப்படியில் பாலைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார். டிவியின் குரல் வழக்கம்போலக் கேட்டுக்கொண்டிருந்தது.

"முட்டியில அடிபட்டுச்சா கண்ணு? அந்தப் பையன்தானே தள்ளிவிட்டான்?"

பால் பொங்கி வழிந்தது. அவர் கூடத்துக்கு ஓடினார்.

சிட்டு பாவாடையை உயர்த்தி முழங்காலை டிவிக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். சிராய்ப்பில் ரத்தம் இன்னும் காயவில்லை. திரையில் அந்தக் கம்பளிச் சுவர், அந்த நாற்காலி, அவர் மனைவி. அவர் பார்த்துப் பார்த்துப் பொருத்திய படம் அது. அந்த வாக்கியத்துக்கு அவள் அன்றைக்கு உதடு அசைக்கவே இல்லை. இப்போது அசைத்தாள். ஓர் இம்மி பிசகாமல் பொருந்தியது.

பின்னாலிருந்து ஒரு கை அவர் தோளை இறுகப் பற்றியது. மனைவி. கண்கள் பிதுங்கி அவரைக் கெஞ்சின. பல்லால் கீழுதட்டைக் கடித்து நிறுத்தப் பார்த்தாள். நிற்கவில்லை. திரையில் அசைகிற அதே அசைவு அவள் உதட்டிலும் ஓடியது.

அவர் பாய்ந்துபோய் டிவியின் ஒயரைப் பிடுங்கினார்.

திரை இருண்டது. குரல் அடங்கியது.

மனைவியின் உதடுகள் அடங்கவில்லை. சத்தமே இல்லாமல், வேகவேகமாக, எதையோ சொல்லிக்கொண்டே போயின. அவர் எவ்வளவு உற்றுப் பார்த்தும் ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை.

சிட்டு இருண்ட திரையிலிருந்து திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கவனமாகக் கேட்டாள். கேட்டு முடித்ததும் அப்பாவை ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு தலையாட்டினாள்.

"சரிம்மா. அப்பாகிட்ட சொல்ல மாட்டேன்."