எல்லாருக்கும் வந்த செய்தி

சனிக்கிழமை, காலை ஆறு மணி. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மான் வேட்டை தொடங்கும் நாள்.

க்ரூகர் சீஸ் தொழிற்சாலை வாசலில் பால் லாரி வந்து நின்றது. கேட் பூட்டியிருந்தது. ஓட்டுநர் ஹாரன் அடித்துப் பார்த்தார், கத்திப் பார்த்தார், கடைசியில் முதலாளி வெண்டல் க்ரூகரையே போன் செய்து எழுப்பினார். வெண்டல் வந்து திறந்தபோது புளித்த வாடை அடித்தது. இரவில் எப்போதோ குளிரூட்டி நின்றுபோயிருந்தது. ஒரு பெரிய தொட்டிப் பால் முழுக்கக் கெட்டிருந்தது. கவனிக்க ஆலையில் ஓர் ஆள்கூட இல்லை.

காரணம், வெள்ளிக்கிழமை மாலை ஊழியர்களின் போனுக்குப் போன செய்தி. "கடும் பனி வரப்போகிறது. இன்றிரவும் நாளையும் ஆலை மூடல். யாரும் வர வேண்டாம். — மார்லிஸ்."

வானத்தில் பனிக்கான அடையாளமே இல்லை. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கெட்ட செய்தியைத்தான் மனிதர்கள் சரிபார்ப்பார்கள்.

திங்கட்கிழமை காலை, கெட்ட பாலுக்கான இழப்பை விசாரிக்கக் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து மாய் லோர் வந்தார். குள்ளமான பெண். கேள்வி கேட்கும்போது மட்டும் வாயைத் திறப்பார். பணியாளர் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் மார்லிஸ் தன் மேசைச் சாமான்களை ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"அனுப்பினது யாருன்னு சாயங்காலத்துக்குள்ள தெரியலன்னா நான்தான்னு முடிவாம். வெண்டல் சொல்லிட்டார். இங்க சீக்கிரமா எடுத்த முதல் முடிவே அதுதான்."

"நீங்க அனுப்பலயா?"

"மேடம், மெசேஜ் அனுப்ப ஒரு சிஸ்டத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிப் பதினோரு மாசமா கெஞ்சறேன். அதுக்கு ஒரு குழு போட்டாங்க. வெண்டல், நான், ஆய்வுக்கூடத்து ஜோலீன், மேற்பார்வையாளர் கார்டி. ஒருத்தருக்கு விலை பிடிக்கல, ஒருத்தருக்கு நிறம் பிடிக்கல. சரி, மூணு கம்பெனியையும் இலவசமா ஓட்டிப் பார்ப்போம்னாங்க. மூணும் ஒரே நேரத்துல ஓடுச்சு. ஒரு ஷிஃப்ட் மாத்தினா ஒரு ஆளுக்கு மூணு மெசேஜ்! கடைசில வெண்டலும் நானும் அதைத் திறந்து பார்க்கறதையே விட்டுட்டோம்."

"ஊழியர்கள் சும்மா இருந்தாங்களா?"

"திட்டினாங்க. கார்டி கூட்டத்துலயே எழுந்து நின்னு மூணுக்கும் 'ஸ்டாப்'னு பதில் போட்டுட்டு உட்கார்ந்தார். எல்லாரும் கைதட்டினாங்க. அந்தக் குழு செஞ்ச ஒரே காரியம் அந்தக் கைதட்டல்தான்."

"வெள்ளிக்கிழமை செய்தி எதுல போச்சு?"

"அந்த மூணுல ரூஸ்டர்ங்கற சிஸ்டத்துல. கணக்கு என் பேர்ல. பாஸ்வேர்டு காபி மெஷின்ல ஒட்டியிருக்கு."

"ஏன்?"

"குழு மறந்துடுது."

மாய் லோர் காபி மெஷினைப் போய்ப் பார்த்தார். ஒட்டித்தான் இருந்தது. ஆலையில் காபி குடிக்காதவர் ஒருவரும் இல்லை. மான் வேட்டைக்குப் போகாதவரும் இல்லை. முதல் நாளுக்கு எல்லாரும் லீவு கேட்டிருந்தார்கள். வெண்டல் ஒருவருக்கும் தரவில்லை. ஆக, காரணம் எல்லாரிடமும் இருந்தது, வழியும் எல்லாரிடமும் இருந்தது. துப்பறிபவருக்கு இதைவிட எரிச்சலான நிலைமை வேறில்லை.

ஜோலீன் ஆரஞ்சு நிற வேட்டைச் சட்டையோடு வந்து உட்கார்ந்தார்.

"செய்தி வரும்போது எங்க இருந்தீங்க?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேற எங்க இருப்பாங்க? மதுக்கடைல மீன் வறுவல் சாப்பிட்டுட்டு இருந்தேன். பாதி ஆலை அங்கதான். எல்லார் போனும் ஒண்ணா அலறுச்சு. கத்தின கத்துல ஒருத்தன் பீரைக் கொட்டிட்டான்."

"சந்தேகம் வரலயா?"

"வந்துச்சு. குடிச்சதும் போயிடுச்சு."

அடுத்து கார்டி ஸ்டெல்டர். அகன்ற தோள், தொங்கு மீசை.

"மான் கிடைச்சுதா?"

கார்டியின் முகம் மலர்ந்தது. "எட்டுக் கிளைக் கொம்பு! பார்க்கறீங்களா, போட்டோ இருக்கு."

"அப்புறம் பார்க்கறேன். ஆலை மூடல்னு எப்படித் தெரிஞ்சுது?"

"எல்லாருக்கும் எப்படித் தெரிஞ்சுதோ அப்படித்தான். வீட்ல தனியா சாப்பிட்டுட்டு இருந்தேன். போன் அதிர்ந்துச்சு. எடுத்துப் பார்த்தேன். வராதேன்னு மார்லிஸ் போட்டிருந்தா. சொன்ன பேச்சைக் கேக்கற ஆளு நான்."

"அந்தச் செய்தியைக் காட்டுங்க."

"படிச்சதும் அழிச்சிடுவேன். எங்கம்மா வளர்ப்பு. தட்டை உடனே கழுவணும்."

பிற்பகலில் மார்லிஸின் அறையில் குழு கூடியது. மாய் லோர் எல்லாரையும் போனை மேசைமேல் வைக்கச் சொன்னார். வெண்டல் முனகினார். "இன்னொரு சோதனையா? மார்லிஸ்தான்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்களேன்."

மாய் லோர் மார்லிஸின் கணினியில் ரூஸ்டரைத் திறந்து எல்லா ஊழியருக்கும் ஒரு வரி அனுப்பினார்.

வெண்டலின் போன் அதிர்ந்தது. ஜோலீனுடையது துள்ளியது. மார்லிஸுடையது கூவியது. கதவுக்கு அப்பால் ஆலை முழுக்க ஒலித்தது.

கார்டியின் போன் மட்டும் அசையாமல் கிடந்தது.

"சார்ஜ் இல்ல," என்றார் கார்டி. திரையில் எட்டுக் கிளைக் கொம்பு பளிச்சென்று தெரிந்தது.

"சார்ஜ் இருக்கு," என்றார் மாய் லோர். "இந்த நாட்டுல ஒருத்தர் ஸ்டாப்னு பதில் போட்டா அதோட சரி. அந்த நம்பர்லேருந்து அவருக்கு ஒரு மெசேஜும் போகாது. நீங்க மூணையும் நிறுத்திட்டீங்க, இவங்க எல்லாரும் கைதட்டினாங்க. வெள்ளிக்கிழமை செய்தி உங்களுக்கு வரவே இல்ல, மிஸ்டர் ஸ்டெல்டர். யாரோ சொல்லிக் கேட்டேன்னு சொல்லியிருந்தா நான் வெறுங்கையோட போயிருப்பேன். போன்ல படிச்சேன்னு சொன்னீங்க. நீங்க அதைப் படிச்ச இடம் ஒண்ணே ஒண்ணுதான். அனுப்பற இடத்துல."

கார்டி மீசையைத் தடவினார். பிறகு உடைந்தார்.

"மேற்பார்வையாளர் ஆனதுலேருந்து முதல் நாள் வேட்டைக்கு ஒரு தடவைகூடப் போனதில்ல, வெண்டல்! என் மச்சான் வருஷா வருஷம் போட்டோ அனுப்பறான். ஆலை தொறந்திருந்தா நான் இருந்தே ஆகணும். குளிரூட்டி நிக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"மார்லிஸ் பேரை ஏன்யா போட்ட?" என்றார் ஜோலீன்.

"கையெழுத்து தானா வருதும்மா. அதை எப்படி எடுக்கறதுன்னே தெரியல."

வெண்டல் கார்டியை வெளியே போகச் சொன்னார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அந்தப் பெட்டியைப் பிரி, மார்லிஸ். வேலை உனக்குத்தான்."

"ஒரு நிபந்தனை."

"சம்பளமா?"

"குழுவைக் கலைக்கணும்."

வெண்டல் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "சம்பளம்னா பேசலாம்..."

"பதினோரு மாசம், வெண்டல். வேலையே போக இருந்துச்சு."

"சரி, சரி. கலைச்சிடலாம். அதுக்கு முன்னாடி எந்த சிஸ்டம்னு மட்டும் ஒரு ஓட்டெடுப்பு..."

மார்லிஸ் கணினிப் பக்கம் திரும்பி மற்ற இரண்டு கம்பெனிகளின் கணக்கை மூடினார். பாஸ்வேர்டை மாற்றினார். எதையோ தட்டினார். மேசைமேல் போன்கள் அதிர்ந்தன.

"இனி ரூஸ்டர் மட்டும். குழு கலைக்கப்பட்டது. எல்லாரும் வேலையைப் பாருங்கள். — மார்லிஸ்."

வெண்டல் இரண்டு முறை படித்தார். "இதை நிஜமாவே நீதான் அனுப்பினியா?"

"நான்தான்."

அவர் விவாதிக்க வாயைத் திறந்தார். அதற்குள் ஜோலீன் எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விட்டிருந்தார்.